ஸ்பவுஸ் விசா இழுத்தடிக்கும்போது: எந்த வழி எதற்கு உதவும்?

மும்பை பாந்த்ராவில் அமெரிக்க ஸ்பவுஸ் விசா இன்டர்வியூ முடித்து ஊர் திரும்பிய மறுநாள் காலை. அம்மா காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். நான் போனில் கேஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். ‘ரெஃப்யூஸ்ட்’ என்று வந்தது. கை வெலவெலத்துவிட்டது. அமெரிக்காவில் அப்போது இரவு பத்து மணிக்கு மேல். அங்கே இருக்கும் என் கணவரைக் கூப்பிட்டு, “ரிஜெக்ட் பண்ணிட்டாங்கங்க” என்றேன். “கவுன்டர்ல ஒரு காகிதம் குடுத்தாங்கள்ல, அதை எடுத்து வாசி முதல்ல” என்றார். காகிதத்தின் மேலே 221ஜி என்று இருந்தது. கீழே ஐ-864 (ஸ்பான்சர் தன் வருமானத்தைக் காட்டிப் பொறுப்பேற்கும் படிவம்) என்ற வரிக்கு எதிரே பேனாவால் ஒரு டிக்.

இந்த நிலையில் இருக்கும் எல்லாரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது. 221ஜி என்பது, காகிதமோ விசாரணையோ மிச்சம் இருக்கிறது என்று விசாவை நிறுத்திவைக்கும் சட்டப் பிரிவு. அது வந்தால் இணையதளம் ‘ரெஃப்யூஸ்ட்’ என்றுதான் காட்டும். ஆனால் கேஸ் செத்துப்போகவில்லை. கேட்ட காகிதத்தை ஒரு வருடத்துக்குள் கொடுத்துவிட்டால் அதே கேஸ், அதே கட்டணத்தில் தொடரும். ஒரு வருடம் தாண்டினால்தான் மறுபடி விண்ணப்பித்துப் பணம் கட்ட வேண்டிவரும்.

அந்த டிக்கைப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று புரிந்தது. விசா தாமதத்தில் இரண்டு சாதி உண்டு. ஒன்று வரிசைத் தாமதம்: நம் காகிதமெல்லாம் சரி, நமக்கு முன்னால் ஆட்கள் நிற்கிறார்கள். மற்றது காகிதத் தாமதம்: வரிசை நகர்கிறது, நம் ஃபைலில் ஏதோ ஒன்று குறைகிறது. ஒன்றுக்கு உள்ள மருந்து மற்றதில் வேலை செய்யாது. காகிதம் குறைந்திருக்கும்போது எம்பஸிக்கு வாரம் ஒரு மெயில் போடுகிறவர்களையும், வரிசையில் நிற்கும்போது புதிதாக அஃபிடவிட் எழுதி நோட்டரியிடம் ஓடுகிறவர்களையும் நிறையப் பார்த்துவிட்டேன். கீழே ஒப்பிட்டிருக்கும் எல்லா வழிகளையும் இந்தக் கண்ணோடுதான் பார்த்திருக்கிறேன்.

கிரீன் கார்டு மனைவியாகவா, சிட்டிசன் மனைவியாகவா?

கணவர் (அல்லது மனைவி) கிரீன் கார்டில் இருந்தால் நம் வகை எஃப்2ஏ. இதற்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு. யாருடைய முறை வந்திருக்கிறது என்று மாதாமாதம் அமெரிக்க அரசு வெளியிடும் விசா புல்லட்டினில், நம் மனு போட்ட தேதி வர வேண்டும். 2019 ஜூலையிலிருந்து 2023 மார்ச் வரை எஃப்2ஏ ‘கரன்ட்’ ஆகவே, அதாவது தேதிக்காகக் காத்திருக்க வேண்டாத நிலையில், இருந்தது. அப்போது போனவர்கள் சொல்லும் கணக்கை நம்பி இப்போது விண்ணப்பிக்கிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். அதற்குப் பிறகு தேதி பின்னால் போய்விட்டது. சிட்டிசனின் துணைக்கு உச்சவரம்பே கிடையாது. மனு அங்கீகாரமானதும் நேரே என்.வி.சி., அதாவது இன்டர்வியூவுக்கு முன் காகிதங்களைச் சரிபார்க்கும் நேஷனல் விசா சென்டர்.

ஆகவே கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் நெருங்கியவர், எஃப்2ஏ தேதிக்காக உட்கார்ந்திருப்பதைவிட என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பத்தைப் போட்டுவிடுவது மேல். ஐந்து வருடம் முடிய 90 நாள் இருக்கும்போதே அதைப் போடலாம். சிட்டிசன் ஆனதும் அந்தச் சான்றிதழின் நகலை என்.வி.சி.க்கு அனுப்பினால் கேஸை மாற்றிவிடுவார்கள். பழைய ஐ-130 (துணைக்காகப் போட்ட உறவு மனு) வீணாகாது. எங்களுக்கு இப்படித்தான் நடந்தது.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. எஃப்2ஏ-யில் பிள்ளை, தாயின் மனுவோடு ஒட்டிக்கொண்டே வரலாம். சிட்டிசன் வகையில் அந்த ஒட்டு கிடையாது. பிள்ளைக்குத் தனியாக ஐ-130 வேண்டும். மும்பை வரிசையில் என் பக்கத்தில் நின்ற திருநெல்வேலிப் பெண்ணுக்கு இன்டர்வியூ வந்திருந்தது, நான்கு வயது மகனுக்கு வரவில்லை. யாரும் சொல்லவில்லை என்று அழுதாள். கைக்குழந்தை இருக்கும் குடும்பம், சிட்டிசன் ஆன வாரமே பிள்ளையின் மனுவையும் போட்டுவிட வேண்டும்.

கே-3 என்று, மனு முடியும் முன்பே சிட்டிசனின் துணை அமெரிக்கா போவதற்கான ஒரு தற்காலிக விசாவை இன்னும் சிலர் சொல்கிறார்கள். சட்டத்தில் இருக்கிறது, ஆனால் ஐ-130 அங்கீகாரமாகி என்.வி.சி. வந்துவிட்டால் அது தானாக மூடப்பட்டுவிடும். அதில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

ஆர்.எஃப்.ஈ. வந்தால்: இருப்பதை உடனே அனுப்புவதா, சேர்த்து அனுப்புவதா?

ஐ-130 கட்டத்தில் எங்களுக்குக் கல்யாணம் உண்மையானதா என்று கேட்டு ஆர்.எஃப்.ஈ., அதாவது கூடுதல் ஆதாரம் கேட்கும் நோட்டீஸ், வந்தது. நாங்கள் காசு கொடுத்து வைத்திருந்த கன்சல்டன்சிக்காரர், “ஆல்பத்தை ஸ்கேன் பண்ணி நாளைக்கே அனுப்பிடுங்க, மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். அனுப்பியிருந்தால் மாட்டியிருப்போம். ஆர்.எஃப்.ஈ.க்குப் பதில் ஒரே தடவைதான். பாதியை அனுப்பினால், ‘இதை வைத்தே முடிவெடுங்கள்’ என்று நாமே சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். மிச்சத்துக்கு இடமே இல்லை.

பதில் சொல்ல அதிகபட்சம் 84 நாள் தருவார்கள். தபாலுக்குச் சில நாள் சேர்த்தி. மறுக்கப்போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லும் நோட்டீஸ் என்றால் 30 நாள்தான். நாங்கள் ஏழு வாரம் எடுத்துக்கொண்டோம். நலங்கிலிருந்து மறுவீடு வரை இருநூறு படம் இருந்தும், அதில் பன்னிரண்டைத்தான் வைத்தோம். கூடவே அவர் இரண்டு முறை ஊருக்கு வந்த விமான டிக்கெட், பாஸ்போர்ட் முத்திரை, அவர் எனக்கு மாதாமாதம் அனுப்பிய பணத்தின் பேங்க் ஸ்டேட்மென்ட், அவருடைய இன்ஷூரன்ஸில் நாமினியாக என் பெயர். மண்டபப் படம் ஒரு நாளைத்தான் காட்டும். பேங்க் ஸ்டேட்மென்ட் இரண்டு வருடத்தைக் காட்டும். எது கனமானது என்று அதிகாரிக்குத் தெரியும்.

பிறப்புச் சான்று: பெயர் சேர்ப்பதா, ‘பதிவு இல்லை’ சான்றா, புதுப் பதிவா?

தமிழ்நாட்டுக் கேஸ்களில் அதிகம் இடறுவது இங்கேதான். என்.வி.சி. என் பிறப்புச் சான்றைத் திருப்பி அனுப்பியது, பெயர் இல்லை என்று. நகராட்சி அலுவலகத்தில் பழைய பதிவேட்டை எடுத்துவரச் சொல்லி அம்மாவும் நானும் நின்றோம். நூல் பிரிந்த தடித்த புத்தகம். அப்பா பெயர், அம்மா பெயர், தேதி, ஆஸ்பத்திரி, எல்லாம் நீல மையில் இருக்கிறது. பெயர் என்ற இடத்தில் ‘பெண் குழந்தை’. கிளார்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “அப்போ பேரே வைக்கலையேம்மா, பதியும்போது” என்றார். அம்மா சொன்னாள்: “முப்பதாம் நாள்தானேங்க பேர் வைப்போம். ஆஸ்பத்திரியில மறுநாளே எழுதிட்டாங்க.”

இந்த இடத்தில் மூன்று வழியை ஆளாளுக்குச் சொல்வார்கள்.

பதிவு இருக்கிறது, பெயர் மட்டும் இல்லை என்றால் பெயரைச் சேர்ப்பதுதான் வழி. பிறந்து 15 வருடத்துக்குள் சேர்க்க வேண்டும் என்பது விதி. வயது தாண்டியவர்களுக்காக அரசு அவ்வப்போது காலக்கெடுவை நீட்டியிருக்கிறது. வெளிநாட்டு யோசனை இருக்கிற வீடுகளில், கல்யாணப் பேச்சு தொடங்கும்போதே இதை முடித்துவைப்பது நல்லது.

பதிவே இல்லை என்றால் ‘பதிவு இல்லை’ என்று அலுவலகம் தரும் சான்று, அதோடு பிறப்பை நேரில் அறிந்த மூத்த உறவினர்களின் அஃபிடவிட், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். அமெரிக்க அதிகாரிகளுக்கு இது பழகிய வழி, தைரியமாகப் போகலாம். ஆனால் பதிவு இருக்கும்போதே சோம்பலில் இந்தச் சான்றை வாங்கிவருகிறவர்கள் உண்டு. அது பொய். பின்னால் கிரீன் கார்டையே ஆட்டிவிடும்.

மூன்றாவது, கோட்டாட்சியர் உத்தரவு வாங்கிப் புதிதாகப் பதிவது. சட்டப்படி சரியானதுதான். ஆனால் 1992-ல் பிறந்தவருக்கு இந்த வருடத் தேதி போட்ட சான்றைப் பார்த்தால், எதை வைத்துப் பதிந்தீர்கள் என்று கேள்வி வரும். கடைசியில் அந்த அஃபிடவிட்டும் மார்க் ஷீட்டும் எப்படியும் தேவைப்படும். அதனால் வேறு எதற்காவது பிறப்புச் சான்று கட்டாயம் என்றால் ஒழிய, விசாவுக்காக மட்டும் இந்தப் பாதையில் நான் யாரையும் போகச் சொல்லமாட்டேன்.

இனிஷியல் விவகாரமும் இதோடு சேர்ந்தது. மார்க் ஷீட்டில் எஸ். கவிதா, பாஸ்போர்ட்டில் கவிதா சுப்பிரமணியன், திருமணச் சான்றில் சு. கவிதா. நமக்கு மூன்றும் ஒரே பெண். அவர்களுக்கு மூன்று பெயர். டி.எஸ்-260 என்ற விசா விண்ணப்பத்தில் ‘வேறு பெயர்கள்’ என்ற கேள்விக்கு மூன்றையும் எழுதிவிடுங்கள், மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஒரு அஃபிடவிட்டும் வையுங்கள். அங்கே ‘இல்லை’ என்று டிக் செய்துவிட்டு மும்பையில் போய் விளக்கம் சொல்வது கஷ்டம்.

என்.வி.சி.யில் ஒவ்வொரு முறை திருத்தி ஏற்றும்போதும் ஃபைல் பரிசீலனை வரிசையின் கடைசிக்குப் போகும். எல்லாக் காகிதமும் சரியான தேதியை வைத்துத்தான் இன்டர்வியூ வரிசை. அதனால் ஒரு காகிதத்தை அவசரத்தில் அரைகுறையாக ஏற்றுவது, காகிதத் தாமதத்தை நாமே வரிசைத் தாமதமாகவும் மாற்றிக்கொள்வதுதான்.

துபாயிலோ சிங்கப்பூரிலோ 16 வயதுக்குப் பிறகு ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்திருந்தால், அந்த நாட்டுப் போலீஸ் சான்றும் வேண்டும். அது வர நாளாகும். முதலில் அதைத் தொடங்குங்கள்.

ஸ்பான்சர் வருமானம் போதவில்லை: சொத்தா, ஜாயின்ட் ஸ்பான்சரா?

என் 221ஜி இதற்குத்தான். அவர் வேலை மாறியிருந்ததால் வருமானக் கணக்கில் இடைவெளி. இரண்டு பேர் குடும்பத்துக்கு 2025 அளவுகோலின்படி ஆண்டுக்குச் சுமார் 26,437 டாலர் காட்ட வேண்டியிருந்தது, அதாவது வறுமைக்கோட்டின் 125 சதவீதம். எங்கள் வீட்டில் உடனே கிளம்பிய பேச்சு: “வீடு இருக்கே, நகை இருக்கே, அதைக் காட்டுனா என்ன?”

காட்டலாம். சிட்டிசனின் துணை என்றால் குறைகிற தொகையைப் போல மூன்று மடங்கு சொத்து, கிரீன் கார்டுக்காரர் என்றால் ஐந்து மடங்கு. வருமானம் 20,000 டாலர் என்றால் குறைவது 6,437. சிட்டிசன் கேஸில் 19,311 டாலர் சொத்து வேண்டும், மற்றதில் 32,185. இந்தத் தொகை அமெரிக்க பேங்கில் சேமிப்பாக இருந்தால் அருமை. ஊரில் இருக்கிற வீடு என்றால், ஒரு வருடத்துக்குள் விற்றுக் காசாக்க முடியும் என்று நிரூபிக்க வேண்டும். மாமனார் பெயரில் பட்டா, மூன்று பங்காளி, ஒரு பாகப்பிரிவினை வழக்கு. இதை எந்த அதிகாரி நம்புவார்?

போதிய வருமானம் உள்ள இன்னொருவர் கூடப் பொறுப்பேற்கும் ஜாயின்ட் ஸ்பான்சர்தான் சுத்தமான வழி. நாத்தனார் வீட்டுக்காரரை, நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவரை, கேட்டோம். ஆனால் கேட்கும்போது முழுசாகச் சொல்லிக் கேளுங்கள். இது சும்மா ஒரு கையெழுத்து இல்லை. நான் சிட்டிசன் ஆகும்வரை, அல்லது 40 காலாண்டு வேலைக் கணக்கு சேரும்வரை அவர் பொறுப்பு. விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு போகாது. அண்ணன் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. வரிப் படிவ நகலைவிட, அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். தரும் டிரான்ஸ்கிரிப்ட் மேல், நகல் என்றால் டபிள்யூ-2 என்ற சம்பளச் சான்றுகளையும் தேடி இணைக்க வேண்டும்.

காகிதம் எல்லாம் சரி, ஆனாலும் அசையவில்லை

இது உண்மையான வரிசைத் தாமதம். இங்கே நாலு கதவு இருக்கிறது.

என்.வி.சி.யின் விசாரணைப் படிவமும் தூதரக மெயிலும் இலவசம். காகிதம் வந்து சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ளத்தான் உதவும். வரிசையில் முன்னே தள்ளாது.

எக்ஸ்பெடைட், அதாவது நம் கேஸை முன்கூட்டி எடுக்கச் சொல்லிக் கேட்பது, உயிருக்கு ஆபத்தான நோய் மாதிரி அவசரத்துக்கு. ஆஸ்பத்திரிக் கடிதம் கையில் இருந்தால் கேளுங்கள். பிரிந்திருக்கும் வேதனை எவ்வளவு உண்மையானாலும், அதை மட்டும் சொன்னால் கேட்கமாட்டார்கள். எல்லாருக்கும் அந்த வேதனைதானே.

மூன்றாவது, கணவர் வசிக்கும் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகம். நம்மவர்கள் இதற்குத் தயங்குகிறார்கள், சிபாரிசு மாதிரித் தெரிகிறது. சிபாரிசு இல்லை, தொகுதிவாசிக்கு அவர்கள் செய்யும் அன்றாட வேலை. அங்கே இருப்பவர் ஒரு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டால், அவர்கள் விசாரித்து எழுதுவார்கள். விசா கொடு என்று உத்தரவிட அவர்களால் முடியாது. ஆனால் மேஜையில் மறந்து கிடக்கும் ஃபைலை யாரோ ஒருவர் திறந்து பார்ப்பார். காசில்லாத வழிகளில் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நான்காவது மாண்டமஸ். முடிவெடுக்கச் சொல்லி ஃபெடரல் கோர்ட்டில் வழக்கு. கோர்ட் கட்டணம் 405 டாலர், வக்கீல் ஃபீஸ் ஆயிரக்கணக்கில். பதில் சொல்ல அரசுக்கு 60 நாள். அட்மினிஸ்ட்ரேடிவ் ப்ராசஸிங் என்ற கூடுதல் விசாரணையில் ஒன்றரை, இரண்டு வருடம் ஒரு வார்த்தை வராமல் கிடக்கிற கேஸுக்கு இது நியாயமான ஆயுதம். ஆனால் கோர்ட் ‘முடிவெடு’ என்று மட்டுமே சொல்லும், ‘கொடு’ என்று சொல்லாது. முடிவு மறுப்பாக வந்தால் அதை எதிர்த்து நிற்க இடம் மிகக் குறைவு. எல் சால்வடோர் நாட்டுக் கணவருக்கு விசா மறுத்ததை எதிர்த்து அமெரிக்க மனைவி தொடுத்த மூன்யோஸ் வழக்கில், துணை உள்ளே வருவது சிட்டிசனின் அடிப்படை உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் தீர்ப்பளித்துவிட்டது. ஃபைலில் பலவீனம் இருப்பதாகச் சந்தேகம் இருந்தால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள், பிறகு வழக்கு.

இதற்கிடையில் டூரிஸ்ட் விசாவில் போய்ப் பார்த்துவரலாம் என்று சிலர் முயல்கிறார்கள். நிலுவையில் இருக்கும் ஐ-130 பற்றிப் படிவத்திலேயே கேள்வி உண்டு. அதை மறைத்தால் கேஸே கெட்டுவிடும், சொன்னால் பெரும்பாலும் மறுப்புத்தான். அவர் லீவு போட்டு ஊருக்கு வருவதுதான் நல்லது. அந்த டிக்கெட்டும் ஃபைலுக்கு ஒரு சான்று.

அண்ணனின் டிரான்ஸ்கிரிப்டும் கையெழுத்தும் வந்ததும் ஒரே கட்டாக அனுப்பினோம். சில வாரம் கழித்து ‘ரெஃப்யூஸ்ட்’ இருந்த இடத்தில் ‘இஷ்யூட்’ என்று மாறியது. பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் விசாவின் காலாவதித் தேதியைப் பாருங்கள். மெடிக்கல் எடுத்த நாளை வைத்துத்தான் அது போடப்படும், பெரும்பாலும் ஆறு மாதம். 221ஜி-யில் போன நாளெல்லாம் அதில் கழிந்திருக்கும். என்னுடையதில் பதினோரு வாரம் மிச்சம் இருந்தது. டிக்கெட்டை அதற்குள் போட்டோம்.