ரேடியேட்டர் ஹோஸ் மாற்றக் கொடுத்து ஹெட் கேஸ்கெட்டை இழந்தேன்: பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

இன்ஜின் சூட்டை ஆற்றும் ரேடியேட்டரின் ரப்பர் குழாயை, அதாவது ரேடியேட்டர் ஹோஸை, மாற்றுவது அரை மணி நேர வேலை என்பதால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடாதீர்கள். நான் அப்படித்தான் போனேன். சரியாகப் பதினோராம் நாள் ஏற்றமான சாலை ஒன்றில் அந்த ஹோஸ் கழன்று, இன்ஜினின் மேல்மூடியான அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டும் போய், கார் மூன்று வாரம் பட்டறையில் கிடந்தது.

என்னுடையது இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய கார். இன்ஜினிலிருந்து சூடான கூலன்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தை) ரேடியேட்டருக்குக் கொண்டுசெல்லும் மேல் ஹோஸ், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்புக்கு அருகில் சற்று உப்பியிருந்தது. இன்ஜின் ஆறியிருந்தபோது அழுத்திப் பார்த்தால் நடுப்பகுதி விறைப்பாகவும் முனைப்பகுதி மெத்தென்றும் இருந்தது. ஹோஸின் வெளித்தோல் நன்றாகத் தெரிந்தாலும், கூலன்டும் அதைத் தொடும் உலோகங்களும் சேர்ந்து மின்கலம் போலச் செயல்படுவதால் உட்சுவரில் நுண்ணிய விரிசல்கள் விழுவதுண்டு. பெரும்பாலும் முனையிலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்குள்தான் அவை தொடங்கும். ஆகவே மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்னதில் தவறில்லை. மாற்றிய விதத்தில்தான் என்னை ஏமாற்றினார்.

"ஒரிஜினல் போட்டாச்சு சார், இனி கவலையே இல்லை" என்றார். ரசீதில் ஒரு ஹோஸ், இரண்டு புதிய கிளிப், ஐந்து லிட்டர் கூலன்ட் என்று எழுதியிருந்தது. பானெட்டைத் திறந்தபோது கறுப்பாகப் பளபளத்த ஹோஸ் கண்ணில் பட்டதும் பணத்தைக் கொடுத்துவிட்டேன். பழைய ஹோஸை அவர் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

பதினோராம் நாள் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதே இடத்தில் வேறு எவரும் ஏமாறக்கூடும். ஏற்றத்தில் வெப்பமானியின் முள் வழக்கத்தைவிட மேலே போனது. பானெட்டின் ஓரத்தில் லேசாக ஆவி தெரிந்த சற்று நேரத்தில் முள் தானாகவே கீழே இறங்கியது. இன்ஜின் ஆறிவிட்டது என்று நம்பி, உச்சி வரை போய் நிறுத்திக்கொள்ளலாம் என்று தொடர்ந்து ஓட்டினேன். உண்மையில் கூலன்டின் பெரும்பகுதி வெளியேறி, வெப்பத்தை அறியும் சென்சார் நீரில் மூழ்காமல் வெறும் காற்றில் நின்றதால்தான் முள் இறங்கியிருக்கிறது. ஹெட் வளைந்தது அந்தக் கடைசித் தூரத்தில்தான் என்பது என் கணிப்பு. மேலே போன முள் காரணமின்றி இறங்கினால், உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

இழுத்துக்கொண்டுபோன காரை வேறொரு மெக்கானிக் என் கண் முன்னால் பிரித்தார். இந்தக் காருக்கு இரண்டு வளைவுகளோடு வார்த்த ஹோஸ் வர வேண்டும். போட்டிருந்ததோ நேரான குழாயிலிருந்து வெட்டிய ஒரு துண்டு; அதை வலிந்து வளைத்ததில் வளைவின் உட்புறம் மடிந்து, பாதை பாதியாகக் குறுகியிருந்தது. குழாயின் விட்டமும் பெரிது. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டக் கிளிப்பை அளவுக்கு மீறி முறுக்கியதில் அதன் பட்டை ரப்பருக்குள் வெட்டி இறங்கியிருந்தது. ரேடியேட்டர் பைப் முனையில் வளையம் போல ஒரு புடைப்பு இருக்கும். கிளிப் அந்தப் புடைப்பைத் தாண்டி உட்புறம் உட்கார்ந்தால்தான் ஹோஸ் நழுவாது. இங்கே கிளிப் புடைப்பின் மேலேயே சாய்ந்து நின்றிருக்கிறது. கிளிப்பும் புதியதல்ல, திருகின் தலையில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கி வழுக்கித் தேய்ந்த தடமும், பட்டையின் துளைகளில் துருவும் அப்படியே இருந்தன.

ஹோஸின் உட்புறம் விரலை விட்டால் கிரீஸ் ஒட்டியது. சுலபமாக ஏற வேண்டும் என்று தடவியிருக்கிறார். இந்த ஹோஸ்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற ரப்பரால் ஆனவை. நீரையும் கூலன்டையும் அது தாங்கும், ஆனால் பெட்ரோலிய எண்ணெயோ கிரீஸோ பட்டால் உப்பி இளகிவிடும். பைப் முனையை நன்றாகச் சுரண்டிச் சுத்தம் செய்து, துளி கூலன்டில் நனைத்தாலே ஹோஸ் வழுக்கிக்கொண்டு ஏறும். இன்ஜினுக்குள் எஞ்சியிருந்த திரவமும் கூலன்ட் அல்ல, துரு நிறத்தில் வெறும் தண்ணீர்.

ரேடியேட்டர் மூடி பல கார்களில் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் 120 டிகிரி செல்சியஸ் வரையும், தண்ணீரும் கூலன்டும் சரிபாதியாகக் கலந்த கலவை அதற்கும் மேலேயும் கொதிக்காமல் இருக்கும். ஹோஸ் கழன்ற கணத்தில் அழுத்தம் போய், நூறு டிகிரியைத் தாண்டியிருக்கும் திரவம் பொங்கி வெளியேறும், அதில் ஒரு பகுதி உடனே ஆவியாகிவிடும். ஒரு கிளிப்பை நம்பித்தான் இவ்வளவும் நிற்கிறது.

எனவே வேலை தொடங்கும் முன்பே பழைய ஹோஸும் புதிய ஹோஸும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்படி காட்டச் சொல்லுங்கள். நீளமும் வளைவுகளும் இரு முனைகளின் விட்டமும் ஒத்துப்போக வேண்டும். கீழ் ஹோஸ் என்றால் உள்ளே சுருள் கம்பி இருந்ததா என்றும் பாருங்கள். அது வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கம் என்பதால், கம்பியோடு வந்த ஹோஸுக்குப் பதில் கம்பியில்லாததைப் போட்டால் வேகத்தில் சப்பிப் போகக்கூடும். ஒட்டிக்கொண்ட பழைய ஹோஸைப் பிளையரால் திருகி இழுக்க விடாதீர்கள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் முனை உடைந்துவிடக்கூடும். நீளவாக்கில் கீறி உரிப்பதே முறை. கூலன்ட் டப்பாவின் சீல் உங்கள் எதிரில் உடையட்டும். ஊற்றிய பிறகு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஏர் லாக்கை (உள்ளே சிக்கிய காற்றை) எடுத்தார்களா என்றும் கேளுங்கள். முதல் முறை சூடாகி முழுதாக ஆறியதும் கிளிப்பையும் கூலன்ட் அளவையும் நீங்களே ஒருமுறை பாருங்கள்; சூடாக இருக்கையில் மூடியைத் தொட வேண்டாம்.

வெட்டிய ஹோஸையும் கிளிப்பையும் எடுத்துக்கொண்டு முதல் மெக்கானிக்கிடம் போனேன். "பழைய வண்டி சார், ஏதாவது ஒண்ணு போய்க்கிட்டேதான் இருக்கும்" என்றார். ரசீதைக் காட்டிய பிறகு, ஊற்றாத கூலன்டுக்கு வாங்கிய பணத்தை மட்டும் எண்ணிக் கொடுத்தார். ஹெட் வேலைக்கான செலவைப் பற்றிப் பேச மறுத்துவிட்டார்.