ஸிப்போ, ரான்சன், இம்கோ, டன்ஹில், டூபாண்ட்: பழைய லைட்டர் சேக்க ஆரம்பிக்கறவங்க எதை எடுக்கலாம்?

பழைய சிகரெட் லைட்டர் சேக்கணும்னு ஆசை வந்ததும் எல்லாரும் கேக்கறது எந்த பிராண்டுன்னுதான், ஆனா அதுக்கு முன்னாடி முடிவு பண்ண வேண்டியது பெட்ரோலா கேஸாங்கறது. பெட்ரோல் லைட்டர்னா பஞ்சு, திரி, தீப்பொறி தர்ற கல்லு, ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான், 80 வருஷம் பழசா இருந்தாலும் திரியும் கல்லும் மாத்தி லைட்டர் பெட்ரோல் ஊத்தினா பெரும்பாலும் எரிஞ்சுடும். கேஸ் லைட்டர்ல உள்ள ரப்பர் வாஷர் இருக்கு, வால்வு இருக்கு, அந்த ரப்பர் வருஷக்கணக்குல காஞ்சு வெடிச்சுப் போயிடும், வெளிய தங்க முலாம் பளபளன்னு இருக்கும் ஆனா கேஸ் ஏத்தினா அரைமணி நேரத்துல எல்லாம் கசிஞ்சு காலியாயிடும். எரியாத லைட்டரை வெறும் அழகுப் பொருளா வெச்சுக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல, அதனால என் அலசல் முழுக்க ரெண்டே கேள்வியை வெச்சுதான்: நம்ம கையால கழட்டி சரி பண்ண முடியுமா, எந்த வருஷத்து சரக்குன்னு அதைப் பாத்தே சொல்ல முடியுமா.

ரெண்டாவது கேள்வியில ஸிப்போவை அடிச்சுக்க ஆளே இல்ல. அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்து பிராட்ஃபோர்டு ஊர்ல ஜார்ஜ் பிளெய்ஸ்டெல் 1932ல ஆரம்பிச்ச கம்பெனி, காத்துலயும் அணையாத ஒரு ஆஸ்திரிய லைட்டரைப் பாத்து அதை ஒரே கையால திறக்கற மாதிரி மாத்தி 1933ல வெளிய விட்டாங்க. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாத்தாலே வரலாறு தெரியும். பேட்டன்ட் பெண்டிங்னு (பேட்டன்ட் இன்னும் கைக்கு வரலைன்னு அர்த்தம்) மட்டும் இருந்தா 1930கள், 2032695ங்கற பேட்டன்ட் நம்பர் இருந்தா அதுக்கப்புறம் 50களோட ஆரம்பம் வரைக்கும், 2517191 இருந்தா 1953லேருந்து 67 வரைக்கும். 50களோட நடுவுலேருந்து புள்ளி புள்ளியா வருஷக் குறி போட ஆரம்பிச்சாங்க, 1966லேருந்து நேர்க்கோடு, 1974லேருந்து சாய்கோடு, வருஷத்துக்கு ஒண்ணு ஒண்ணா குறைஞ்சுக்கிட்டே வரும். 1986 நடுவுலேருந்து மாசத்துக்கு ஏ முதல் எல் வரைக்கும் ஒரு எழுத்து, வருஷத்துக்கு ரோமன் எண், 2001லேருந்து சாதாரண எண். இவ்ளோ ஒழுங்கா தன்னோட பிறந்த தேதியைச் சுமந்துக்கிட்டு வர்ற சேகரிப்புப் பொருள் ரொம்ப அபூர்வம், புதுசா வர்றவங்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

ஆனா ஸிப்போவுல ஒரு சிக்கல், வாழ்நாள் முழுக்க இலவசமா ரிப்பேர் பண்ணித் தருவோம்னு கம்பெனி வாக்குறுதி குடுத்திருக்கறதால பல பழைய ஸிப்போக்கள் ஒரு தடவையாவது பட்டறைக்குப் போய் வந்திருக்கும், அங்க திரியும் கல்லும் இருக்கற உள்பாகத்தை மாத்தி அனுப்பறது சகஜம். அதனால வெளிக்கூடு 1958, உள்பாகம் 1970ன்னு இருந்தா உடனே போலின்னு முடிவு கட்டிடாதீங்க. உண்மையான போலித் தொல்லை வியட்நாம் போர் ஸிப்போவுலதான். சிப்பாய்ங்க வாசகம் பொறிச்சு வெச்சிருந்ததுக்கு மவுசு ஏறினதும் அதே மாதிரி பொறிச்சுப் பொறிச்சு சந்தையில கொட்டிட்டாங்க, சில சமயம் கூடு நிஜமாவே 60கள்ல செஞ்சது, எழுத்து மட்டும் புதுசு. கூடு பூரா தேஞ்சிருக்கும், பொறிச்ச எழுத்தோட ஓரம் மட்டும் கூர்மையா இருக்கும், பழைய கீறல் எழுத்து மேல ஏறாம எழுத்து கீறலை வெட்டிக்கிட்டுப் போகும். இதைப் பாக்கப் பழகற வரைக்கும் வியட்நாம் பக்கமே போகாதீங்கன்னு தான் சொல்லுவேன். அதுக்குப் பதிலா ரெண்டாம் உலகப்போர்க் காலத்து கறுப்பு ஸிப்போவைத் தேடலாம், பித்தளை ராணுவத்துக்குத் தேவைப்பட்டதால இரும்புல செஞ்சு மேல சொரசொரன்னு கறுப்பு பெயின்ட் அடிச்சது, அந்த பெயின்ட் எவ்வளவு மிஞ்சியிருக்குங்கறதை வெச்சுதான் மதிப்பே.

ரான்சன் பக்கம் வருவோம். எந்திரமா பாத்தா ஸிப்போவைவிட ரான்சன்தான் ஒசத்தி, இதுல எனக்கு சந்தேகமே இல்ல. அமெரிக்காவுல நெவார்க் நகரத்துல லூயிஸ் அரான்சன் 1926ல பான்ஜோன்னு ஒரு லைட்டர் கொண்டு வந்தாரு, கட்டைவிரலால ஒரு பொத்தானை அமுத்தினா போதும், மூடி தூக்கும், சக்கரம் சுத்தும், பொறி விழும், திரி பத்திக்கும், விரலை எடுத்தா மூடி விழுந்து அணைஞ்சுடும், எல்லாம் ஒரே அசைவுல. ஸிப்போவுல மூடியைத் திறக்கறது ஒரு வேலை, சக்கரத்தை உருட்டறது ஒரு வேலை, மூடறது ஒரு வேலை. ரான்சனோட ஸ்டாண்டர்டுங்கற பாக்கெட் மாடல் ஒண்ணை சரியா ட்யூன் பண்ணி கையில வெச்சு அமுக்கிப் பாத்தீங்கன்னா அந்தக் காலத்து ஆளுங்க உலோகத்துல எவ்வளவு யோசிச்சிருக்காங்கன்னு புரியும். மேஜை லைட்டர்ல குயீன் ஆன், கிரௌன் மாடல்லாம் வெள்ளி முலாம் பூசி ஏராளமா செஞ்சாங்க, அதனால இன்னைக்கும் நல்ல நிலைமையில கிடைக்குது, ஸிப்போவுக்கு இருக்கற கூட்டம் இதுக்கு இல்லங்கறது சேக்கறவங்களுக்கு லாபம்தான்.

குறைன்னு பாத்தா தேதி. அடியில பேட்டன்ட் நம்பர் இருக்கும், நெவார்க்னு ஊர் பேர் இருக்கும், ஆனா வருஷக் குறி இல்ல, பேட்டன்ட் நம்பர் இதுக்கு முன்னாடி செஞ்சிருக்க முடியாதுன்னு மட்டும்தான் சொல்லும், மத்ததை உருவம், எழுத்து, திருகாணி இதையெல்லாம் வெச்சு நாமதான் ஊகிக்கணும். இன்னொண்ணு, உள்ள இருக்கற சின்னச் சின்ன கம்பியும் ஸ்பிரிங்கும் ஒடஞ்சா அதே மாடல்ல இன்னொரு செத்த லைட்டரை வாங்கி உதிரிபாகம் எடுக்கறதுதான் வழி.

எந்த பெட்ரோல் லைட்டரா இருந்தாலும் நிஜமான எமன் கல்லு. இரும்பும் சீரியம்ங்கற உலோகமும் கலந்த அந்தக் கலவைக்கு ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1903ல பேட்டன்ட் வாங்கினாரு, இன்னைக்கு வரைக்கும் அதேதான். அதை வருஷக்கணக்குல அப்படியே விட்டா ஈரம் பட்டு துரு மாதிரி பூத்து, ஊறின கடலை மாதிரி உப்பி, பித்தளைக் குழாய்க்குள்ள இறுகிடும். ஸ்பிரிங்கும் அதோட சேந்து மாட்டிக்கும். துரு இளக்கற எண்ணெயை ஊத்தி ஒரு ராத்திரி ஊற வெச்சு, குழாயைவிட கொஞ்சம் மெல்லிசான டிரில் பிட்டை மெஷின்ல போடாம விரலாலயே மெதுவா திருகித் திருகி அந்தப் பொடியை வெளிய எடுக்கணும், அவசரப்பட்டா குழாய் கிழிஞ்சுடும். ஸிப்போவுல இந்த வேலை சுலபம், ஏன்னா வேற உள்பாகம் கிடைக்கும், ரான்சன்ல குழாய் போச்சுன்னா உடம்போட போச்சு.

இம்கோவைப் பத்தி சுருக்கமா சொன்னாலே போதும். ஆஸ்திரியாவுல 1907ல ஆரம்பிச்ச கம்பெனி, டிரிப்ளெக்ஸ் மாடல் 1930கள்லேருந்து வந்துச்சு, 2012ல கடையை மூடினாங்க. தகரம்தான், பளபளப்பு இல்ல, ஆனா எண்ணெய் டேங்க்கைத் தனியா உருவி மெழுகுவத்தி மாதிரி பிடிச்சுக்கலாம், காத்துத் தடுப்பை ஏத்தி இறக்கலாம், கழட்டி மாட்டிப் பழகறதுக்கு இதைவிட நல்ல லைட்டர் இல்ல. லட்சக்கணக்குல செஞ்சதால மதிப்பு ஏறும்னு மட்டும் நம்பாதீங்க.

இப்போ ஆடம்பர வரிசை. டன்ஹில் 1920கள்ல லண்டன்ல கொண்டு வந்த யுனீக் பெட்ரோல் லைட்டர், அதோட மாதிரியை ஒரு கடுகுத்தூள் டப்பாவுல செஞ்சு பாத்ததா சொல்லுவாங்க, சக்கரத்தைப் பக்கவாட்டுல உருட்டி ஒரே கையால பத்த வெக்கற அமைப்பு. உடம்பு கனமா, வேலைப்பாடு சுத்தமா இருக்கும், நல்ல யுனீக் ஒண்ணு கிடைச்சா யோசிக்காம எடுங்க. 1956ல வந்த ரோலாகேஸ்ல அந்த நிம்மதி இல்ல, அது கேஸ். கையில வெச்சா அருமையா இருக்கும், உருளையை விரலால உருட்டற சுகமே தனி, ஆனா சீல் மாத்தத் தெரிஞ்ச ஆள் தேவை.

எஸ்.டி.டூபாண்ட் 1872ல ஆரம்பிச்ச பிரெஞ்சு நிறுவனம், லைட்டர் செய்ய வந்தது 1941லதான், முதல்ல பெட்ரோல், 1952ல கேஸ். 1977ல வந்த லைன் 2ன்னா மூடியைத் திறக்கும்போது வர்ற அந்த கணீர் சத்தம்தான் எல்லாரையும் மயக்கறது. அரக்கு பூச்சு வேலை அப்படியே கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கும். ஆனா ஒவ்வொரு மாடலுக்கும் கேஸ் ஏத்தற அடாப்டர் வேற வேற, அரக்கு ஓரத்துல சில்லு பேந்துட்டா அதை வீட்டுல சரி பண்ண முடியாது, போலிங்களும் நெறைய. நல்ல சத்தம் வருதுங்கறதை மட்டும் நம்பி வாங்கறது தப்பு, கேஸ் ஏத்தி ரெண்டு நாள் வெச்சு கசியலைன்னு விக்கறவங்க உறுதி சொன்னாதான் யோசிக்கணும்.

என் வரிசை இதுதான்: முதல்ல 50கள் 60களோட சாதாரண ஸிப்போ, குறியைப் படிக்கப் பழகறதுக்கு. அப்புறம் ரான்சன் ஸ்டாண்டர்டு, பக்கத்துலயே ஒரு இம்கோ. கை பழகினதும் டன்ஹில் யுனீக். கேஸ் லைட்டர் கடைசியில, ரிப்பேர் பண்ற ஆள் ஒருத்தரைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு. வாங்கறதுக்கு முன்னாடி அடிப்பக்கப் படம் கேளுங்க, கல்லு திருகாணியைக் கழட்டி வெளிய எடுத்து ஒரு படம் கேளுங்க, திருகாணி அசையலைன்னு சொன்னா உள்ள கல்லு உப்பியிருக்குன்னு அர்த்தம், விலையை அதுக்கேத்த மாதிரி பேசுங்க. பெட்ரோலோ கேஸோ உள்ள வெச்சு பார்சல் அனுப்ப வேண்டாம்னும் முன்கூட்டியே சொல்லிடுங்க. வீட்டுக்கு வந்து அலமாரியில வெக்கும்போது உபயோகப்படுத்தாத லைட்டர்லேருந்து கல்லை எடுத்துட்டு வையுங்க, நிக்கல் முலாம் பூசினதை பாலிஷ் போட்டு தேய்க்காதீங்க, முலாம் போனா திரும்ப வராது.