கொத்துவதா, மேடு கட்டுவதா, மூடி வைப்பதா? கோத்தகிரியில் மாசி மாதத் தோட்ட வேலை

மாசி பிறந்ததும் கோத்தகிரியில் பனியின் பிடி தளர ஆரம்பிக்கும். காலையில் புல்மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது வெயில் பட்டதும் கரைந்துவிடும். சித்திரையில் கோடை மழை பிடிப்பதற்குள் நிலத்தைத் தயார் செய்துவிட வேண்டும். தண்ணீர் வசதி உள்ள விவசாயிகள் ஜனவரி, பிப்ரவரியிலேயே நீர்போகம் என்கிற பாசனப் பயிரைப் போட்டுவிடுவார்கள். வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு மழைதான் தண்ணீர், அதனால் மழையை நம்பிப் போடும் கார்போகம்தான்.

நிலத்தைத் தயார் செய்ய இங்கே மூன்று வழிகள் உண்டு. ஆழக் கொத்திப் புரட்டலாம், மேட்டுப்பாத்தி கட்டலாம், கொத்தாமலே நிலத்தைச் சருகால் மூடி மூடாக்கு போடலாம். மூன்றையும் இதே சரிவில் செய்து பார்த்துவிட்டேன். சமவெளியில் இருப்பவர்கள் சொல்லும் கணக்கு மலைக்கு அப்படியே பொருந்தாது. நம் மண் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை கொண்டது; நம் நிலம் சரிவு. இந்த இரண்டையும் வைத்துத்தான் எதையும் எடைபோட வேண்டும்.

ஆழக் கொத்துவது வீட்டுப் பெரியவர்கள் வழி. ஒன்றரை அடி ஆழத்துக்குப் புரட்டி, கட்டிகளை உடைத்து, இரண்டு வாரம் வெயிலில் காயவிடுவார்கள். இதில் நல்லது இல்லாமல் இல்லை. வேர்ப்புழுவும் வெட்டுப்புழுவும் வெளியே வந்து விழும். மண்வெட்டிக்குப் பின்னாலேயே மைனாக்கள் நடந்து வந்து ஒன்றுவிடாமல் பொறுக்கிவிடும். ஆனால் கொத்தும்போது மண்ணின் நிறத்தைப் பாருங்கள். மேலே ஒரு சாண் கறுப்பு, அதற்குக் கீழே செம்மண். அந்தக் கறுப்பில்தான் சத்து முழுவதும் இருக்கிறது. அதைக் கீழே தள்ளி, சத்தில்லாத புளிப்பு மண்ணை மேலே கொண்டுவந்து அதில் விதை போட்டால் செடி எப்படி வரும்?

அதைவிடப் பெரிய கஷ்டம் மழை. ஒரு சித்திரையில் நான் புரட்டிப் போட்டு, ஐந்து மூட்டை எருவும் கலந்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அரை மணி நேரம்தான் பெய்தது. தண்ணீர் டீ நிறத்தில் ஓடியது. மறுநாள் காலை கீழ்வீட்டு அக்கா இரண்டு பக்கெட்டில் மண்ணை அள்ளிக்கொண்டு படியேறி வந்தார். "மேல்மண்ணு தம்பி, வழிச்சு எடுத்தேன். இத விட்டுரக் கூடாது" என்றார். அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேன், பொலபொலவென்று கறுப்பாக இருந்தது. அன்றோடு முழு நிலத்தையும் புரட்டுவதை நிறுத்திவிட்டேன்.

கேரட்டுக்கு மட்டும் விதிவிலக்கு. கல்லும் கட்டியும் இருந்தால் கேரட் இரண்டு காலாகப் பிளந்து வரும். அதற்கு ஒரு முழ ஆழம் இளக்கித்தான் ஆக வேண்டும். பல் வைத்த மண்வெட்டியால் மண்ணைப் புரட்டாமல் நெம்பிவிட்டாலே போதும்.

அடுத்தது மேட்டுப்பாத்தி. சரிவுக்குக் குறுக்காக மூன்றடி அகலம், முக்கால் அடி உயரம். நீளம் இடத்தைப் பொறுத்தது. சரிவோடு நீளவாக்கில் பாத்தி போட்டால் நடைபாதையே ஓடையாகிவிடும், அந்தத் தவறை மட்டும் செய்யாதீர்கள். கீழ் ஓரத்துக்குக் கல் வைப்பதுதான் நிலைக்கும். கல் கிடைக்காத இடத்தில் சீகை (வாட்டில்) மரக் கட்டை வைக்கலாம், ஆனால் சில வருடங்களில் மக்கிவிடும். ஆடியில் விடாமல் பெய்யும்போதும் இந்தப் பாத்தியில் வேர் அழுகாது. பீன்ஸ், முட்டைக்கோஸ், பீட்ரூட் எல்லாம் சந்தோஷமாக நிற்கும்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. மேடு கட்ட மண் வேண்டும் என்று பலரும் ஒரு லோடு மண் வாங்குகிறார்கள். நானும் வாங்கினேன். அந்த வருடம் நட்ட முட்டைக்கோஸ் மதிய வெயிலில் துவண்டு, சாயங்காலம் நிமிர்ந்து, ஒரு மாதத்தில் மொத்தமாகச் சாய்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் வேராக இல்லை, வீங்கின விரல்கள் போல இருந்தது. கிளப் ரூட் என்கிற வேர் வீக்க நோய். அதன் வித்துகள் மண்ணில் பல வருடங்கள் உயிரோடு கிடக்கும். உருளைக்கிழங்கு நூற்புழுவும் இப்படித்தான் மண்ணோடு பயணம் செய்யும். இந்தியாவில் அது முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதே 1961இல் நம் ஊட்டியில்தான். 2018இல் இமாச்சலத்திலும் கண்டுபிடித்தார்கள். ஆகவே எங்கிருந்து வருகிறது என்று தெரியாத மண்ணைத் தோட்டத்துக்குள் விடாதீர்கள். நடைபாதையைத் தோண்டி, அந்த மண்ணையே பாத்திமேல் போட்டால் போதும். பாதை தாழும், பாத்தி உயரும், செலவும் இல்லை. கடன் வாங்கிய மண்வெட்டியையும் கழுவிவிட்டுத்தான் இறக்க வேண்டும்.

மூடாக்குக்கு வருகிறேன். கிக்குயூ புல் பிடித்த இடம் என்றால் வேறு யோசனையே வேண்டாம், இதுதான். அந்தப் புல்லைக் கொத்தினால் தண்டு துண்டு துண்டாகி, ஒவ்வொரு துண்டும் முளைக்கும். அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, டேப்பை உரித்து, இடைவெளியில்லாமல் பரப்பி நனைத்து, அதன்மேல் ஒரு சாண் சருகு போட்டுவிட்டால் வெளிச்சம் இல்லாமல் புல் சாகும். நாலைந்து மாதம் பொறுக்க வேண்டும். சில்வர் ஓக் சருகு இதற்கு நன்றாக இருக்கிறது. கற்பூர மரம் என்று இங்கே சொல்லும் யூகலிப்டஸ் இலை மட்டும் வேண்டாம், அது விதை முளைப்பதையே தடுக்கும்.

ஆனால் விதைப்புப் பாத்தியில் மாசியிலேயே மூடாக்கு போடுவது சரியில்லை. வெறும் ஈரமண் பகலில் வெயிலை வாங்கி இரவில் வெப்பத்தை விடும், சருகு அதை மறித்துவிடும். பனி இரவில் மூடாக்குக்கு மேலே நிற்கும் இளம்செடிதான் முதலில் கருகும். பீன்ஸ் விதை குளிர்ந்த மண்ணில் முளைக்காமல் அழுகிவிடும். அப்புறம் மழைக்காலத்தில் நத்தை. மண்புழு தேடிக் காட்டுப்பன்றியும் வந்து கிளறும். செடி ஒரு சாண் உயர்ந்த பிறகு, கோடை மழை அடிக்கத் தொடங்கும்போது மெல்லிசாகப் போடுங்கள். துளியின் அடி மண்ணில் நேராக விழாது.

எரு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொழு உரமோ ஆட்டு எருவோ, நன்றாக மக்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். கையில் எடுத்தால் சாண வாடை போய் மண்வாசனை வர வேண்டும். மண்புழு உரம் நல்லதுதான், ஆனால் முழுப் பாத்திக்கும் வாங்கிக் கட்டுப்படியாகாது. நாற்றுக் குழிக்கு ஒரு பிடி வையுங்கள்.

புளிப்பு மண்ணுக்குத்தான் நிதானம் வேண்டும். எங்கள் வேலியோரம் ஒரே செடியிலிருந்து வெட்டி நட்ட ஹைட்ரேஞ்சியாக்கள் நிற்கின்றன. வேலிப்பக்கம் பூ நீலம். சிமென்ட் படியை ஒட்டி நிற்பது மட்டும் ரோஜா நிறம். புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைகிறது, செடி அதை இழுத்துக்கொண்டு நீலமாகப் பூக்கிறது. படியோரத்தில் சிமென்ட்டின் சுண்ணாம்பு இறங்கி, புளிப்பு குறைந்துவிட்டது. பூவுக்கு நீலம் தருகிற அதே அலுமினியம்தான் பீட்ரூட் வேரை வளரவிடாமல் குட்டையாக்குகிறது.

இந்தப் புளிப்பைக் குறைக்க டோலமைட் என்கிற சுண்ணாம்புக்கல் பொடியா, அடுப்புச் சாம்பலா? நான் டோலமைட் பக்கம். கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து கிடைக்கிறது, மெதுவாக வேலை செய்து நீண்ட நாள் நிற்கிறது. சதுர மீட்டருக்கு 200 கிராம், சென்ட்டுக்கு சுமார் 8 கிலோ போடுகிறேன். விதைப்பதற்கு ஒரு மாதம் முன்பே போட்டால்தான் பலன் தெரியும். சாம்பல் வேகமாக வேலை செய்யும், பொட்டாசியமும் தரும். ஆனால் விறகுச் சாம்பலாக மட்டும் இருக்க வேண்டும், மழையில் நனையாமல் வைத்திருந்ததாக இருக்க வேண்டும். எருவோடு ஒரே நாளில் இரண்டையுமே கலக்காதீர்கள், தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். உருளைக்கிழங்குப் பாத்திக்கு இரண்டுமே வேண்டாம், தோல் சொறி பிடிக்கும்.

இந்த வருடம் என் பிரிப்பு இதுதான்: மேலே கேரட்டுக்கு நெம்பிய ஒரு பாத்தி, நடுவில் பீன்ஸுக்கும் பீட்ரூட்டுக்கும் நாலு மேட்டுப்பாத்தி, கிக்குயூ புல் மண்டிய மூலைக்கு அட்டைப்பெட்டி. லோடு மண் இறங்கிய பாத்தியில் முட்டைக்கோஸ், முள்ளங்கி இரண்டும் இல்லை, பூண்டு மட்டும். டோலமைட் போட்டாயிற்று. கடைசிப் பாத்தியின் கீழ் ஓரத்தில் இன்னும் நாலடிக்குக் கல் வைக்க வேண்டியிருக்கிறது. அக்கா வீட்டு வாசலுக்கு நேர் மேலே இருப்பது அந்த நாலடிதான்.