வாஜிமா: அரக்குக் கிண்ணமா, இஷிருவா?

ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்துக் கடலோர ஊரான வாஜிமாவில் அரக்குப் பூசிய மரக் கிண்ணம், இஷிரு என்ற மீன் சாறு இரண்டில் எதை வாங்குவது என்று குழம்புபவர்களுக்காக இது.

விலை
கிண்ணம்: அசல் வாஜிமா வேலை என்றால் பத்தாயிரம் யென்னைத் தாண்டும்.
இஷிரு: மீனையோ கணவாய்க் குடலையோ உப்பில் ஊறவைத்து நொதிக்கவிட்ட சாறு. சின்ன பாட்டில் சில நூறு யென்தான்.

உழைப்பு
கிண்ணம்: விளிம்பில் துணி ஒட்டி, உள்ளூர் மண்ணைச் சுட்டுப் பொடித்து அரக்கு மரத்துப் பாலில் குழைத்துப் பூசுவார்கள். பிறகு தேய்ப்பு, மறுபடி பூச்சு என நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். சூடான சூப்பை ஊற்றினாலும் கை சுடாது. தேய்ந்தால் மறுபூச்சும் போடலாம். எனக்கு இதன்மேல்தான் ஆசை.
இஷிரு: மாதக்கணக்கில் ஊறும்.

புழக்கம்
கிண்ணம்: மைக்ரோவேவ், டிஷ்வாஷர், நேர் வெயில் மூன்றும் ஆகாது.
இஷிரு: நாலு சொட்டு போதும். வாடை தூக்கலாக இருக்கும், உப்பைக் குறைத்துப் போடுங்கள். சைவர்களுக்கு ஆகாது. விமானத்தில் செக்-இன் பெட்டியில் வைப்பதே நல்லது.

தினமும் சூப், கஞ்சி குடிப்பவர்கள் கிண்ணத்தையே வாங்குங்கள். மீன் சமைக்கும் நண்பர்களுக்குப் பரிசு என்றால் இஷிரு. 2024 ஜனவரி 1 நிலநடுக்கத்திலும் தீயிலும் காலைச் சந்தைப் பகுதியே எரிந்துபோனது. எதை வாங்கினாலும் அந்த ஊர்க்காரர்களிடமே வாங்குங்கள்.