கரியைத் துடைச்சுத் தந்த ஸ்ரூடியோ

கிளிநொச்சியில ஏ-9 வீதிக்கரை ஸ்ரூடியோ ஒண்டில ரெண்டு படம் பெருப்பிச்சு அடிச்சன். ஒண்டு என்ர வெல்டிங் கடைச் சுவருக்கு, மற்றது வீட்டுக்கு.

கடைக்கு எடுத்தது 1943 மே மாதம் அமெரிக்காவின்ர போல்டிமோரில, பெத்லஹேம்-ஃபெயார்பீல்ட் கப்பல் கட்டுற இடத்தில ஆர்தர் சீகல் எண்ட படப்பிடிப்பாளர் எடுத்த ஒரு வெல்டரின்ர படம். முகமூடியை நெத்திக்கு மேல தூக்கி விட்டுட்டு நிக்கிறார், கன்னமெல்லாம் கரி. அரசாங்கத்தின்ர போர்த் தகவல் அலுவலகத்துக்காக எடுத்த படங்கள் இவை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின்ர இணையத்தளத்தில காசில்லாமல் இறக்கலாம். ரெண்டாம் உலகப்போருக்கெண்டு கட்டின சரக்குக் கப்பல் வகையான லிபர்ட்டி கப்பல்களில முதலாவதை 1941 செப்ரெம்பரில தண்ணியில இறக்கினது அங்கதான். பிறகு மொத்தம் 384 கட்டினவை. ரிவிட் அடிக்கிறதைக் குறைச்சு, தகட்டைத் தகட்டோட ஒட்டினபடியாத்தான் அந்த வேகம் வந்தது. எங்கட தொழில்காரருக்கு இது சொல்லாமலே விளங்கும்.

மற்றது எங்கட ஐயா. 98இல புதுக்குடியிருப்பில எடுத்த பாஸ்போட் சைஸ் படம். வள்ளங்களுக்கு இரும்பு வேலை செய்தவர், இடது கன்னத்தில பொறி பட்ட தழும்பு. 2009இல அம்மா பொலித்தீன் பையில சுத்தி மாத்தளனால கொண்டுவந்த மூண்டு படத்தில இது ஒண்டு.

மூண்டு நாளில தந்திச்சினம். விரிச்சுப் பாத்தா, போல்டிமோர்க்காரன் சலூனால வந்தவன் மாதிரி நிக்கிறான். கரியைக் காணேல்ல. கலியாண அல்பத்துக்கு முகத்தை மினுக்கிற அதே வேலை. ஐயாவின்ர தழும்பும் போட்டுது. அம்மா கையில வாங்கி, “இது ஆற்ற படம்?” எண்டு கேட்டா.

திரும்பக் கொண்டுபோனன். “அண்ணை, வடிவா இருக்கட்டும் எண்டுதான்” எண்டார் ஸ்ரூடியோக்காரத் தம்பி. ஆனா முகம் சுழிக்காமல், காசும் கேக்காமல், மற்றநாளே புதுசா அடிச்சுத் தந்தார். மினுக்கமில்லாத தாளில ஏ3 அளவு, ஒண்டு 900 ரூபா. கறுப்பு நல்ல கறுப்பா விழுந்திருக்கு, முகமூடியில இருக்கிற கீறல்கூடத் தெரியுது. பிரேம் மட்டும் அங்க போடாதேங்கோ. கொளுவி ரெண்டாம் நாளே கழண்டிட்டுது.

போறவை ஃபைலைப் பென் டிரைவில கொண்டுபோங்கோ, வட்ஸ்அப்பில அனுப்பினா உடைஞ்சுபோகும். முகத்தில கை வைக்கவேண்டாம் எண்டு முதலே சொல்லுங்கோ. நான் ஐயாவின்ர படத்து மூலையில தண்ணி ஊறின கறையையும் விடச் சொன்னன். அதுக்கு மட்டும் தம்பி ரெண்டுதரம் கேட்டுப்போட்டுத்தான் அடிச்சவர்.