480 டாலருக்கு ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை

எனக்கு ஒரு போலிப் படத்தை விற்ற கடையில் இன்று காலை மூன்றாவது தடவையாகப் போனைத் துண்டித்துவிட்டார்கள். அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

போன வாரம் அமெரிக்க ஜனாதிபதிகளின் முகங்களைச் செதுக்கிய மவுண்ட் ரஷ்மோர் மலையைப் பார்க்கத் தெற்கு டகோட்டா போயிருந்தோம். வழியில் ஒரு சுற்றுலா ஊர், அதில் ஒரு பழம்பொருள் கடை. பெயர் வேண்டாம். எனக்கு அந்தக் காலத்து அமெரிக்கப் புகைப்படக்காரர் ஜான் கிரேபில் எடுத்த படங்கள் என்றால் பைத்தியம். டெட்வுட் பக்கத்துச் சுரங்கங்கள், மாட்டுக்காரர்கள், குதிரை வண்டி, லக்கோட்டா என்ற பூர்வகுடி மக்களின் கூடாரங்கள் என்று எடுத்து, 1887க்கும் 1892க்கும் நடுவில் 188 படங்களைக் காப்புரிமைக்காக லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் என்ற அமெரிக்க அரசு நூலகத்துக்கு அனுப்பியவர். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் பெயரைக் கடைக்காரரிடம் சொல்லித் தொலைத்தேன்.

மனிதருக்கு எழுபது வயது இருக்கும். "உங்களுக்குக் கிரேபிலைத் தெரியுமா!" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். பூட்டிய இழுப்பறையைத் திறந்தார். படத்தைத் தொடுவதற்கு முன்னால், ஒவ்வொரு விரலாக இழுத்துவிட்டு, வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டார். அங்கேதான் விழுந்தேன். "வெளிச்சம் இதற்கு ஆகாது" என்று மேலே எரிந்த விளக்கையும் அணைத்தார். எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன், மடையன்.

படம் அந்தப் பக்கத்து ராக்கர்வில் என்ற ஊரில் 1889இல் எடுத்தது. ஸ்பிரிக்ஸ், லாம்ப், டில்லன் என்ற மூன்று கிழவர்கள் ஓடையில் தங்கம் அலசுகிறார்கள், கூடவே ஒரு நாய். முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் போட்ட அசல் ஆல்புமென் பிரிண்ட், தாத்தா காலத்துச் சொத்து என்றார். 480 டாலர். "நாய் படத்துக்கா?" என்று என் மனைவி தமிழில் கேட்டாள். நான்தான் அவளை அடக்கினேன்.

வீட்டுக்கு வந்து, பையனின் ஸ்டாம்ப் பார்க்கும் லென்ஸை வைத்தேன். படத்துக் கிழவரின் தாடி முழுக்க நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளி. இன்க்ஜெட், இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் பிரிண்டரில் போட்டது! வானத்தில் ஒரு மடிப்புக் கோடு தெரிகிறதே என்று நகத்தால் வருடினால் தாள் வழவழவென்று போகிறது. மடிப்பையும் சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள். இதே படத்தை லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இணையதளத்தில் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நான் கொடுத்தது 480 டாலர்.

முதல் போனுக்கு "முதலாளி வெளியே போயிருக்கிறார்". இரண்டாவதுக்கு "விற்றதைத் திரும்ப வாங்குவதில்லை". இன்று அதே கடைக்காரர் எடுத்து, "ரசீதைப் படித்தீர்களா?" என்றார், அவ்வளவுதான், டொக். எடுத்துப் பார்த்தேன். 'கிரேபில் படம், பழைய பாணி, ஃபிரேமுடன்' என்று இருக்கிறது. அசல் என்ற வார்த்தையே இல்லை. வாயால் சொன்னது காற்றோடு போயிற்று.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. கையில் ஒரு லென்ஸ் வைத்திருங்கள். புள்ளி தெரிந்தால் வெளியே வந்துவிடுங்கள். ஆல்புமென் தாள் மெல்லிசு, சுருளும், அதனால் பெரும்பாலும் அட்டையில் ஒட்டியிருப்பார்கள். டின்டைப், அதாவது தகட்டில் எடுத்த பழைய போட்டோ என்று கொடுத்தால் காந்தம் வையுங்கள், அது இரும்புத் தகடு, ஒட்ட வேண்டும். விளக்கைப் போடச் சொல்லுங்கள். 'அசல்' என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

கார்டு கம்பெனியில் புகார் கொடுத்திருக்கிறேன். ரசீதை அனுப்பச் சொல்கிறார்கள்.