டை ராட் பூட் கிழியாமல் கழற்ற ஒரு புல்லர், கிழிந்துவிட்டால் தனி பூட்: வாங்கிப் பயன்படுத்திய அனுபவம்

சஸ்பென்ஷன் வேலைக்கு வண்டியை விட்டு எடுக்கும்போது பில்லில் இல்லாத ஒரு சேதமும் சேர்ந்து வருவதுண்டு. ஸ்டீரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பிதான் டை ராட், அதன் முனையில் இருக்கும் உருண்டை மூட்டு (பால் ஜாயிண்ட்) டை ராட் எண்ட். அதன் அடியில் கிரீஸை மூடிக் காக்கும் அந்தச் சின்ன ரப்பர் உறை, அதாவது பூட், கிழிந்திருக்கும். என் 2012 ஸ்விஃப்டில் முன் வீல் பேரிங்கும் லோயர் ஆர்மும் மாற்றியபோது இதுதான் நடந்தது. எந்தக் கடை என்று எழுதப் போவதில்லை, ஏனென்றால் நான் பார்த்த பல இடங்களில் இப்படித்தான் கழற்றுகிறார்கள். சக்கரத்தைத் தாங்கும் நக்கிளை இறக்க டை ராட் எண்டைப் பிரித்தாக வேண்டும், நக்கிளின் துளைக்குள் உட்காரும் அதன் கூம்பு வடிவ ஸ்டட் (டேப்பர்) இறுகிப்போய் வராது, உடனே இரண்டு பல் வைத்த ஃபோர்க்கை இடுக்கில் சொருகி சுத்தியலால் நாலு போடு. வந்துவிடும். ஆனால் அந்தப் பல் நுழைகிற இடத்தில்தான் பூட் இருக்கிறது. பழைய டை ராட் எண்டைத் தூக்கிப் போடப் போகிறோம் என்றால் ஃபோர்க்கால் எப்படி அடித்தாலும் கவலையில்லை, திரும்ப மாட்டப் போகிற நல்ல பாகத்தை அப்படி அடிப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பூட் கிழிந்தால் அன்றைக்கே எதுவும் தெரியாது, ஸ்டீரிங் சாதாரணமாகத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் கிரீஸ் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும், வேளச்சேரி மாதிரி மழைத் தண்ணீர் தேங்குகிற ரோட்டில் ஓட்டினால் சேறும் மணலும் உள்ளே போகும், பால் ஜாயிண்ட் தேய்ந்து ஆட்டம் வரும், அப்புறம் குழியில் இறங்கும்போது டக் டக் சத்தம், டயர் ஒரு பக்கமாகத் தேய்மானம். முற்றிலும் கழன்றுவிட்டால் அந்தச் சக்கரம் ஸ்டீரிங் பேச்சைக் கேட்காது. ஒரு ரப்பர் துண்டு காக்கிற விஷயம் இவ்வளவு பெரிது.

அதனால்தான் சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போய் கத்தரிக்கோல் வடிவ பால் ஜாயிண்ட் புல்லர் ஒன்றும், ஒரு ஜோடி தனி பூட்டும் வாங்கினேன்.

முதலில் புல்லர். இதன் தாடை நக்கிளுக்கும் பூட்டுக்கும் நடுவில் போய் நிற்கும், பின்னால் இருக்கும் போல்ட்டை முறுக்க முறுக்க எதிர்த் தாடை ஸ்டட்டின் முனையைத் தள்ளும். நட்டை முழுதாகக் கழற்றக் கூடாது, ஸ்டட் முனைக்குச் சமமாக வரும்வரை தளர்த்தி அப்படியே விட வேண்டும், இல்லையென்றால் மரை நசுங்கும். போல்ட் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி முறுக்கினேன். ஒரு கட்டத்தில் 'டங்' என்று பெரிய சத்தம், டேப்பர் விட்டுவிட்டது, பூட்டில் ஒரு கீறல் இல்லை. அடுக்குமாடி பார்க்கிங்கில் வேலை செய்கிற எனக்கு அந்த ஒரு சத்தத்தோடு முடிந்தது பெரிய நிம்மதி. நக்கிள் காதின் (ஸ்டட் உட்காரும் துளை இருக்கும் பகுதி) பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி அடித்து அதிர்ச்சியிலேயே டேப்பரை விடுவிக்கிற முறையும் நல்ல முறைதான், அதிலும் பூட் தப்பிக்கும், ஆனால் துருப்பிடித்த வண்டியில் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. நான் வாங்கியதில் தாடையின் உள் விளிம்பு கத்தி மாதிரி கூராக இருந்தது, அப்படியே சொருகியிருந்தால் அதுவே ரப்பரை வெட்டியிருக்கும். அரத்தால் தேய்த்து விளிம்பை மழுக்கிய பிறகுதான் பயன்படுத்தினேன். பெட்டியிலிருந்து எடுத்ததும் இதைச் செய்துவிடுங்கள். இன்னொன்று, வார்ப்பு இரும்பில் செய்த மலிவான புல்லரும் அதே அலமாரியில் இருக்கும், அழுத்தம் ஏறும்போது உடைகிற ஆபத்து அதில் அதிகம். ஃபோர்ஜிங் (சூடாக்கி அடித்து உருவாக்கிய எஃகு) என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள், எதுவானாலும் முறுக்கும்போது முகத்தை நேரே கொண்டுபோகாதீர்கள்.

சரி, ஏற்கெனவே கிழிந்த பூட்டுக்கு வருவோம். அதை மட்டும் தனியாக மாற்றலாம் என்பதைப் பல மெக்கானிக்குகள் சொல்வதே இல்லை, நேரே டை ராட் எண்ட் செட் மாற்றணும் சார் என்பார்கள். ஜாக் போட்டு சக்கரத்தை 3 மணி, 9 மணி இடங்களில் பிடித்து ஆட்டிப் பாருங்கள், டை ராட் எண்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு இன்னொருவரை ஆட்டச் சொன்னால் இன்னும் நல்லது. ஆட்டமில்லை, கிழிந்தும் அதிக நாள் ஆகவில்லை என்றால் பூட் மட்டும் போதும். பழைய கிரீஸைத் துணியால் துடைக்கும்போது அதில் மணல் நெருடினாலோ துரு நிறம் தெரிந்தாலோ பூட் மாற்றிப் பயனில்லை, எண்டையே மாற்றுங்கள். சிலிக்கான் பசை, டேப் எல்லாம் வீண் வேலை, ஸ்டீரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மடங்குகிற இடத்தில் எந்த ஒட்டும் நிற்காது.

தனி பூட் வாங்கும்போது வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்காமல் மேல் ஓட்டை, அடி வாய், உயரம் மூன்றையும் அளந்துகொண்டு போங்கள், முடிந்தால் கிழிந்ததையே கையில் எடுத்துப் போங்கள். கடையிலேயே மடித்துப் பாருங்கள், மடிப்பில் நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் அது பழைய சரக்கு. எனக்குக் கிடைத்த ரப்பர் நன்றாக இருந்தது, ஆனால் அடி வாயைப் பிடிக்கும் கம்பி வளையம் தளர்வாக இருந்ததால் பழைய வளையத்தையே சுத்தம் செய்து போட்டேன். வாய் அளவுக்குச் சரியான சாக்கெட்டை மேலே வைத்து அழுத்தினால் நேராக உட்காரும். லித்தியம் கிரீஸ் போதும், பூட்டை முட்ட முட்ட நிரப்பாதீர்கள், நட்டை இறுக்கி டேப்பர் உட்காரும்போது அது பலூனாக உப்பி வாய் வழியே பிதுங்கும். நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின் இருக்கிற வண்டி என்றால் புதியது போடுங்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், நக்கிள் பக்கம் மட்டும் கழற்றி பூட் மாற்றினால் டை ராட்டின் மரையைத் தொடுவதே இல்லை, அதனால் டோ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாறாது, இதற்காக அலைன்மெண்ட் பார்க்க வேண்டியதில்லை. எண்டையே மாற்றினால் கட்டாயம் பார்க்க வேண்டும். அப்படி அலைன்மெண்டுக்குப் போகும்போது டை ராட்டை இடவலமாகத் தள்ளும் ஸ்டீரிங் ரேக் பக்கம் இருக்கும் பெரிய மடிப்பு பூட்டைக் கவனியுங்கள். அதன் சின்ன கிளாம்ப்பைத் தளர்த்தாமல் டை ராட்டைத் திருப்பினால் பூட்டும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும், முறுக்கிய நிலையிலேயே ஓடி ஓடிக் கிழியும். அங்கே தண்ணீர் போனால் போவது ஸ்டீரிங் ரேக், அதன் விலையைக் கேட்டுப் பாருங்கள். கிளாம்ப்பைத் தளர்த்துங்கள் அண்ணே என்று பக்கத்தில் நின்று கேளுங்கள், நல்ல ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார்.